எடுத்த இடத்தில்

பாபநாசம் மலையடிவாரத்தில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் ஒரு சின்ன மடம் இருந்தது. ஓட்டுக்கூரை, நாலு அறை, பின்னால் ஒரு காய்கறித் தோட்டம். மடம் என்று ஊர் சொன்னதே தவிர, அங்கே பீடமும் இல்லை, பட்டமும் இல்லை. உமையாள் என்று ஓர் அம்மா அதை நடத்திவந்தார். வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவார். கேட்டதற்குப் பதில் சொல்வார். சாப்பாடு தாராளமாக இருக்கும், பதில் கொஞ்சமாகத்தான் இருக்கும்.

அவரைத் தேடி வந்தவர்களில் கோமதிநாயகமும் ஒருவர். ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திங்கட்கிழமை தோறும் ஆழ்வார்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார்.

அம்மாவுக்கு நாற்பத்து நாலு வயது. கோமதிநாயகத்துக்கு அறுபத்திரண்டு. உம்மைவிடச் சின்னவரைப் போய்க் கும்பிடுகிறீரே என்று கூட வேலை பார்த்த ஒருவர் கேலி செய்தார். பார்சல் வந்தால் சரக்கைத்தான் பார்ப்போம், தூக்கி வந்த ஆளின் வயசையா பார்ப்போம் என்று பதில் சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறிவிட்டார்.

அவர் வீட்டில் மூன்று பேர். அவர், மனைவி ஆவுடையம்மாள், தங்கை பிரமநாயகி. ஒரே மகன் பூனாவில் வேலையாக இருந்தான். தங்கையை எல்லோரும் பிரமு என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. முப்பது வயதுக்கு மேல் பார்வை மங்கத் தொடங்கி, கடைசியில் முழுவதும் போய்விட்டது. அன்றிலிருந்து அண்ணன் வீடுதான்.

பார்வை போனதென்று அவள் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. கிணற்றடிக்குப் போவாள். பிச்சிப்பூ பறித்துக் கட்டுவாள். மோர் கடைவாள். சாயங்காலம் விளக்கேற்றுவாள். புதிதாக வீட்டுக்கு வந்தவர்களுக்கு அவள் கண் தெரியாதவள் என்று புரியவே நேரமாகும். கோமதிநாயகத்துக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இருந்ததில்லை. பிரமு கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அவருக்கு ஒரே ஒரு குறை. ஆவுடையம்மாளின் பிடிவாதம்.

எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கவேண்டும். நடக்கிற வழியில் எதுவும் கிடக்கக் கூடாது. இந்த இரண்டைத் தவிர அந்த வீட்டில் வேறு சட்டம் கிடையாது. ஆனால் இந்த இரண்டில் அவள் இம்மியும் விட்டுத்தர மாட்டாள். பேப்பர் படித்துவிட்டு அப்படியே தரையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனால், குளியலறை வாசலுக்கே வந்து கூப்பிடுவாள். ஈரத் தலையோடு வந்து எடுத்து வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். ஆபீசில் நான் அதிகாரி, வீட்டில் நான் கூலி என்று அவர் சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரிப்பார். சில நாள் சிரிக்காமலும் சொல்லியிருக்கிறார்.

தை மாதத்தில் ஆவுடையம்மாள் காய்ச்சல் என்று படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். மறுநாள் காலை காப்பி போடலாம் என்று கோமதிநாயகம் அடுக்களைக்குள் போனார். எந்த டப்பாவில் காப்பித்தூள் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கயிறு சுற்றிய ஒரு டப்பாவைத் திறந்தால் மல்லி இருந்தது. நசுங்கிய டப்பாவில் சீனி. மூடி பொருந்தாத ஒன்றில் உளுந்து. எதிலும் ஒரு எழுத்துக்கூட எழுதியிருக்கவில்லை. இத்தனை வருஷம் இந்த அலங்கோலத்தை வைத்துக்கொண்டா நம்மை அதிகாரம் செய்தாள் என்று அவருக்குத் தோன்றியது. உடனே அழுகை வரும்போல இருந்தது. அழாமல் வேலையில் இறங்கிவிட்டார்.

பார்சல் ஆபீசில் அவர் கையிலிருந்து ஒரு பொட்டலம்கூடத் தொலைந்ததில்லை. அதற்கு அவர் வைத்திருந்த வழி எளிமையானது. எல்லாவற்றுக்கும் ஒரு சீட்டு, எல்லாவற்றுக்கும் ஒரு தட்டு. அதையே வீட்டுக்கும் கொண்டுவந்தார். ஒரே அளவில், உள்ளே இருப்பது தெரியும்படி பிளாஸ்டிக் டப்பாக்கள் வாங்கினார். தன் அழகான கையெழுத்தில் பெயர் எழுதி ஒவ்வொன்றிலும் ஒட்டினார். ஓர் இரும்பு அலமாரி வந்தது. அடுக்களை மூலையில் வைக்கோல் புரிமணையில் இருந்த மோர்ப்பானையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அலமாரியை நிறுத்தினார். பழைய டப்பாக்களைச் சாக்கில் கட்டிப் பழைய இரும்புக் கடையில் போட்டார். கூடத்தில் சுவரை ஒட்டிக் கிடந்த நீள பெஞ்சைக் காற்றாடிக்குக் கீழே, நடுவில் இழுத்துப் போட்டார்.

பிறகு தோட்டம். அங்கேயும் அதே கோலம்தான். துளசி பின்வாசல் படிக்கு வலப்பக்கம் ஏன் என்று கேட்பாரில்லாமல் நின்றது. நடைபாதை திரும்புகிற இடத்தில் திருநீற்றுப்பச்சை புதராக மண்டி, போகிறவர் வேட்டியைத் தொட்டது. கிணற்றடியில் மரிக்கொழுந்து. யாராவது யோசித்து நட்டது போலவே இல்லை. எல்லாவற்றையும் வெட்டிச் சுத்தம் செய்தார். கயிறு பிடித்துப் பாத்தி கட்டினார். கத்தரிக்கு ஒரு பலகை, வெண்டைக்கு ஒரு பலகை எழுதி நட்டார். நடைபாதையின் இருபுறமும் குரோட்டன்ஸ் தொட்டிகளை வரிசையாக வைத்து, தொட்டிகளுக்கு எண் போட்டார்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, பெரிய பங்களாத் தோட்டம் மாதிரி இருக்கிறதே என்று சொன்னார்கள்.

ஒவ்வொரு திங்களும் இதையெல்லாம் அவர் உமையாள் அம்மாவிடம் சொல்வார். அம்மா கேட்டுக்கொள்வார். கடைசியில் ஒரு கேள்விதான் கேட்பார்.

"பிரமு எப்படி இருக்காங்க?"

முதலில் அவர், இருக்கிறாள் என்றார். பிறகு சரியாகச் சாப்பிடுவதில்லை என்றார். சித்திரை வந்தபோது, கட்டிலை விட்டு இறங்குவதே இல்லை என்றார். மதினி போன துக்கம், போகப் போகச் சரியாகும் என்று அவரே காரணமும் சொன்னார்.

அது போகப் போகச் சரியாகவில்லை. பூப்பறிப்பது நின்றது. விளக்கேற்றுவது நின்றது. தண்ணீர் வேண்டுமென்றால்கூட அண்ணே என்று கூப்பிட்டு, கொண்டுவந்து கையில் கொடுக்கும்வரை காத்திருந்தாள். ஆவணியில் ஒரு காலையில், அவரைக் கூப்பிடக் கூச்சப்பட்டோ என்னவோ, தனியாகப் பின்வாசல் இறங்கிப் போயிருக்கிறாள். குரோட்டன்ஸ் தொட்டி ஒன்றில் தடுக்கி விழுந்தாள். இடது மணிக்கட்டு ஒடிந்தது.

மகன் போனில் பேசினான். மதுரையில் கண் தெரியாத பெண்களுக்கு ஒரு நல்ல இல்லம் இருப்பதாகவும், விசாரித்துவிட்டதாகவும் சொன்னான். அத்தையை அங்கே விட்டுவிட்டு அப்பா பூனாவுக்கு வந்துவிடலாம் என்றான். கோமதிநாயகம் பிரமுவிடம் கேட்டார். சரி அண்ணே என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்தச் சரியில் ஒரு குறையும் இல்லை. அதுவே அவரை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

அடுத்த திங்கள் மடத்துக்குப் போனபோது அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். கோமதிநாயகம் எதிரே உட்கார்ந்தார். தானும் ஒரு கை மொச்சையை எடுத்து வைத்துக்கொண்டார். உரிக்கவில்லை.

"அம்மா, ஒரு வீட்டை எப்படி ஒழுங்கா வைக்கிறது?"

அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் செஞ்சு பார்த்துட்டேன். பார்க்கிறவங்க மெச்சுறாங்க. ஆனா வீடு என் கைக்கு அடங்கல. வர்ற வெள்ளிக்கிழமை தங்கச்சியை மதுரையில விட்டுட்டு, இங்கேயே வந்திரலாம்னு இருக்கேன். பூனாவெல்லாம் எனக்கு ஒத்துவராது. இங்க ஒரு மூலை கொடுத்தா போதும்."

அம்மா மொச்சைத் தட்டை நகர்த்தி வைத்தார்.

"உங்க வீட்டை நான் பார்த்ததே இல்லையே, ஐயா."

எழுந்து கையைக் கழுவிக்கொண்டார். மடத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அம்மா யார் வீட்டுக்கும் போனதில்லை. பெரிய மனிதர்கள் கார் அனுப்பிய போதும் போனதில்லை. கோமதிநாயகம் திகைத்துப்போய், இப்போதேவா என்று கேட்டார். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று அம்மா கேட்டார்.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார். கோமதிநாயகத்துக்குள் பெருமையும் பதற்றமுமாக இருந்தது. காலையில் கூடத்தைப் பெருக்கினோமா என்று யோசித்துக்கொண்டே வந்தார்.

வீடு பளிச்சென்று இருந்தது. அவர் அம்மாவை அடுக்களைக்குக் கூட்டிப்போய் அலமாரியைக் காட்டினார். அம்மா குனிந்து ஒவ்வொரு சீட்டாகப் படித்தார். துவரம்பருப்பு. பாசிப்பருப்பு. கருப்பட்டி. வெந்தயம்.

"கையெழுத்து அழகா இருக்கு" என்றார்.

கோமதிநாயகத்துக்கு முகம் மலர்ந்தது.

பிரமு கூடத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கை கழுத்திலிருந்து தொங்கிய துணியில் இருந்தது. அம்மா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கை வலிக்கிறதா என்று விசாரித்தார். ஆற்றில் இந்த வருஷம் தண்ணீர் அதிகம் என்று சொன்னார். பிரமு மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அம்மா கேட்டார்.

"குடிக்கக் கொஞ்சம் மோர் கிடைக்குமா?"

கோமதிநாயகம் எழுந்தார்.

"நீங்க இருங்க, ஐயா. நான் இவங்ககிட்டதான் கேட்டேன்."

பிரமுவின் முகம் மாறியது. இந்த வீட்டில் யாரும் அவளிடம் ஒன்றைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. கட்டிலிலிருந்து இறங்கினாள். வலது கையை நீட்டி, பெஞ்சின் முதுகைத் தேடினாள். பெஞ்சு அங்கே இல்லை. கையை அப்படியே சுவரில் வைத்து, சுவரை விடாமல் தடவிக்கொண்டு நடந்தாள். அடுக்களை நிலையைத் தாண்டியதும் அவள் நடை மாறிற்று. தெரிந்த இடத்துக்கு வந்தவள் போல முதுகு நிமிர்ந்தது. மூலைக்குப் போய், பானை மூடி இருக்கவேண்டிய உயரத்தில் கையைக் கொண்டுபோனாள்.

கை இரும்பில் இடித்தது.

அவள் தட்டுத் தட்டாகத் தொட்டுப் பார்த்தாள். ஒரே அளவு டப்பா. ஒரே அளவு மூடி. ஒன்றை எடுத்து, திரும்ப வைத்து, அடுத்ததைத் தொட்டாள். பிறகு கையை எடுத்துச் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கிடுங்க அம்மா" என்றாள். "மோர் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல."

விருந்துக்கு வந்த வீட்டில் சொல்வது போல இருந்தது அது.

கோமதிநாயகம் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். "மூணாவது தட்டுல எழுதி ஒட்டியிருக்கேனே, பிரமு" என்று அவர் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

அவர் அலமாரியைப் பிடித்துக்கொண்டார்.

உமையாள் அம்மா பிரமுவின் நல்ல கையைப் பிடித்து, தோட்டத்தையும் பார்த்துவிடலாம் என்றார். இரண்டு பேரும் பின்வாசல் படியில் போய் நின்றார்கள். பிரமு முகத்தைத் தூக்கி மூச்சை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். கீழே இறங்கவில்லை.

"முன்னாடி எப்படிப் போவீங்க?" என்று அம்மா கேட்டார்.

"இந்தப் படியில நின்னா வலப்பக்கம் துளசி வாசம் வரும்மா. அதை வலக்கைப் பக்கமாவே வச்சுக்கிட்டு நடப்பேன். திருப்பத்துல திருநீற்றுப்பச்சை கால்ல உரசும். உரசினதும் வாசம் எழும்பும். அங்க திரும்பணும். மரிக்கொழுந்து வாசம் வந்துட்டா நின்னுக்கிடணும். அதுக்கு அடுத்தது கிணறு." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "மதினி ஒவ்வொண்ணா நட்டுது. நட்டுட்டு, கண்ணை மூடிக்கிட்டு அதுவே நடந்து பார்க்கும். ரெண்டு தடவை கிணத்துச் சுவர்ல முட்டிக்கிடுச்சு."

கோமதிநாயகம் படியில் உட்கார்ந்துவிட்டார்.

எதிரே பாத்திகள் நூல் பிடித்த மாதிரி இருந்தன. பலகைகளில் அவர் எழுத்து வெயிலில் தெளிவாகத் தெரிந்தது. கயிறு சுற்றிய டப்பா அவர் நினைவுக்கு வந்தது. நசுங்கிய டப்பா நினைவுக்கு வந்தது. நசுங்கியது தானாக நசுங்கவில்லை. சுவரை ஒட்டிக் கிடந்த பெஞ்சு, பேப்பர், குளியலறை வாசலில் கேட்ட குரல், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து தத்தம் இடத்தில் உட்கார்ந்தன.

"எங்கிட்ட ஏன் யாரும் சொல்லல?" என்று கேட்டார்.

பிரமு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"மதினிதான் சொல்லக் கூடாதுன்னுச்சு, அண்ணே. பிரமுவுக்காக எடுத்து வை, பிரமுவுக்காக நகர்த்துன்னு தினம் சொன்னா, கொஞ்ச நாள்ல பிரமு எல்லாருக்கும் ஒரு சுமையாத் தெரிவா. என் பிடிவாதம்னே இருக்கட்டும், திட்டுனா என்னைத் திட்டட்டும்னு சொல்லும்."

"அவ போன பிறகாவது நீ சொல்லியிருக்கலாமே."

அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

"நீங்க ராத்திரி பகலா டப்பாவை அடுக்கிக்கிட்டு இருந்தீங்க. அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன். அந்த வேலை இருக்கப்போய்த்தான் நீங்க அழாம இருக்கீங்கன்னு தெரிஞ்சுது. அதைப் போய் எப்படி வேண்டாம்னு சொல்ல?"

அப்போதுதான் கோமதிநாயகம் அழுதார். தைமாதத்திலிருந்து அழாததையெல்லாம் சேர்த்து அழுதார். பிரமு படியைக் காலால் தடவி, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். உமையாள் அம்மா தோட்டத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பஸ்ஸுக்கு நேரமானபோது அவர் அம்மாவோடு வாசல்வரை வந்தார்.

"இப்ப நான் என்ன செய்யணும், அம்மா?"

"என்கிட்ட ஏன் கேக்கீங்க? வீடு தெரிஞ்சவங்க உள்ள இருக்காங்க."

அம்மா தெருவில் இறங்கி நடந்தார். கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று கையால் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலமே கோமதிநாயகம் பழைய இரும்புக் கடைக்குப் போனார். எட்டு மாதத்துச் சரக்கு எங்கே இருக்கும் என்று கடைக்காரர் கையை விரித்தார். இவர் விடவில்லை. குவியலுக்குள் புகுந்து, வேட்டியெல்லாம் துருவாகத் தேடினார். நசுங்கிய டப்பா ஒன்று கிடைத்தது. விளிம்பு மடங்கிய ஒன்று கிடைத்தது. கயிறு சுற்றியது கிடைக்கவே இல்லை. கிடைத்ததை மடியில் கட்டிக்கொண்டு வந்து, தேய்த்துக் கழுவி, பிரமுவின் கையில் கொடுத்தார். அவள் நசுங்கிய பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"சீனி" என்றாள்.

பூனாவுக்குப் போன் செய்து, மதுரை வேண்டாம், அத்தை இங்கேயே இருப்பாள், நானும் இங்கேதான் என்று சொல்லிவிட்டார். மகன் காரணம் கேட்டான். உன் அம்மா வைத்த வீடு இது, நேரில் வா, காட்டுகிறேன் என்றார்.

வீட்டைத் திரும்ப வைப்பது சுலபமாக இல்லை. அலமாரியை விற்றார். புரிமணைக்குப் புது வைக்கோல் திரித்தார். பெஞ்சு சுவருக்குப் போயிற்று. பிரமு கூடத்தில் நின்றுகொண்டு சொல்வாள், அவர் நகர்த்துவார். இன்னும் கொஞ்சம் உள்ளே, இல்லை, அவ்வளவு இல்லை என்பாள். மாட்டிய இடத்தில் கரண்டி ஒரு விரற்கடை தள்ளியிருந்தாலும் அவள் கைக்குத் தெரிந்தது. கயிறு சுற்றிய டப்பாவுக்குப் பதிலாக ஒரு புது டப்பாவில் அவரே கயிறு சுற்றினார். முதலில் நழுவி நழுவி விழுந்தது. ஆவுடையம்மாள் இதை எப்போது, யாருக்கும் தெரியாமல், எங்கே உட்கார்ந்து சுற்றியிருப்பாள் என்று யோசித்தார். அவர் பார்சல் ஆபீசில் இருந்த ஏதோ ஒரு பகலில்தான் சுற்றியிருப்பாள்.

உப்பும் சீனியும் ஒருநாள் மாறிப்போயின. தவறு அவருடையதுதான். உப்புப் போட்ட காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, பிரமு முகத்தைச் சுளித்தாள். பிறகு சிரித்தாள். மதினி போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. கோமதிநாயகம் தன் டம்ளரில் இருந்ததை ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

தோட்டத்துக்கு மடத்திலிருந்து ஆள் வந்தது. துளசிக் கன்றும், திருநீற்றுப்பச்சை விதையும், வேரோடு ஒரு பிடி மரிக்கொழுந்தும் அம்மா கொடுத்தனுப்பியிருந்தார். எங்கே நடவேண்டும் என்று சொல்லியனுப்பவில்லை. பிரமு நடந்து காட்டிய இடத்தில் நட்டார்கள். குரோட்டன்ஸ் தொட்டிகள் பக்கத்து வீட்டுக்குப் போயின. கத்தரியும் வெண்டையும் அவற்றின் பாட்டுக்கு இருந்தன. பலகைகளை மட்டும் பிடுங்கிவிட்டார். ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. திருநீற்றுப்பச்சைக்கு அது போதுமாயிருந்தது.

செடிகள் வளர்ந்த பிறகு, ஒரு மத்தியானம், சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கோமதிநாயகம் பின்வாசல் படியில் கண்ணை மூடி நின்றார். மெதுவாக இறங்கி நடந்தார். வலப்பக்கம் துளசி வந்தது. கொஞ்ச தூரம் போனதும் செடி காலில் உரசியது. திரும்பினார். அங்கே ஒரு நொடி பயம் பிடித்துக்கொண்டது. முன்னால் கிணறு. கண்ணைத் திறந்துவிடலாம் என்று தோன்றியது. திறக்கவில்லை. இன்னும் ஓர் அடி வைத்தார். மரிக்கொழுந்து மணத்தது. நின்றார். கையை நீட்டினால் கிணற்றுச் சுவர், ஈரமாக, குளிர்ந்து, அங்கேயே இருந்தது. வெகுநேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கார்த்திகையில் பிரமு வீடு முழுக்க விளக்கு வைத்தாள். அவர் எண்ணெய்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார்.

மார்கழி பிறந்த பிறகு ஒரு திங்கட்கிழமை அவர் மடத்துக்கு வந்தார். அம்மா தோட்டத்தில் அவரைக் கொடிக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார். கோமதிநாயகம் போய்க் கம்பைப் பிடித்துக்கொண்டார். பிரமு நன்றாகச் சாப்பிடுகிறாள், கை கூடிவிட்டது, காலையில் திருப்பாவைக்குக் கோயிலுக்குப் போகவேண்டும் என்று அவள்தான் தன்னை எழுப்புகிறாள் என்று சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டே முடிச்சுப் போட்டார்.

"ஒரே ஒரு பாரம் இருக்கு, அம்மா."

"சொல்லுங்க."

"காலையில எழுந்ததிலிருந்து கண்ணுல படுறதெல்லாம் அவ செஞ்சு வச்சதா இருக்கு. பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைஞ்சு போகுது. இத்தனை வருஷம் ஒரு தடவை, நல்லா வச்சிருக்கேன்னு சொல்லியிருந்தா அவளுக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்திருக்கும். இப்ப சொல்லணும்னு முட்டிக்கிட்டு வருது. கேக்குறதுக்கு அவ இல்ல. நான் எங்க போய் இதைச் சொல்ல?"

அம்மா மிச்சக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"இன்னைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பும்போது, கடைசியா என்ன செஞ்சீங்க?"

அவருக்கு யோசிக்க வேண்டியிருந்தது. அப்படி விசேஷமாக எதுவும் செய்த நினைவில்லை.

"அடுக்களைக் கதவை முழுசாத் திறந்து, சுவரோட சேத்துக் கொக்கி மாட்டினேன்."

"ஏன்?"

"காத்துக்குப் பாதி சாத்திக்கிடும். பிரமு நெத்தியில இடிச்சுக்கிடுவா."

அம்மா அடுத்த முடிச்சைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"அப்ப சொல்லிட்டுத்தானே வந்திருக்கீங்க, ஐயா."